ஏழு வரிச் சிப்பி

நிரோஜா தான் விட்ட பிழையைத் தானே சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

உடையார்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அவள். பின்னேரங்களில் வேறு வேலை. அவளோடு பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த முரசுமோட்டைக் கிருசாந்தி இப்போது அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்கிறாள். அங்கிருந்து அவள் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பொதியில் அனுப்புவாள். நிரோஜா அவற்றை வினாகிரியில் ஊறப்போடுவாள். கல் கரைந்து போக, அடியில் மண்போல ஒரு பிடி மிஞ்சும். அதை அரித்து, காயவைத்து, நுணுக்குக்காட்டியின் கீழே பரப்பி, நனைத்த தூரிகை நுனியால் மணி மணியாக விலக்கித் தேடினால் சிப்பிகள் அகப்படும். கடுகிலும் சிறியவை; ஓடு பொஸ்பேற்றாக மாறிவிட்டதால் வினாகிரியில் கரையாதவை. உயிர்கள் முதன்முதலாக ஓடு கட்டத் தொடங்கிய காலத்தவை. ஐம்பது கோடி வருசத்துக்கும் மூத்தவை.

அன்று தெற்கு அவுஸ்திரேலியக் கல்லிலிருந்து குல்லாய் வடிவில் ஒன்று கிடைத்தது. முதுகில் ஏழு வரி. அந்த இனம் அதுவரை அந்தாட்டிக்காவில் மட்டுமே கிடைத்திருந்தது.

படத்தைப் பார்த்த கிருசாந்தி தொலைபேசியில் கத்தியே விட்டாள். “உனக்கு விளங்குதாடி? இது ஆழமில்லாத கரையோரத்தில வாழ்ந்த சிப்பி. பெருங்கடல் தாண்டிப் போயிருக்காது. இந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா எல்லாம் அப்ப ஒரே நிலமாக் கிடந்தது தெரியும். ஆனா எந்தக் கரை எந்தக் கரையோட ஒட்டியிருந்தது எண்டு இப்பிடியான சிப்பிதான் சொல்லும்!”

நிரோஜா மேசையோரம் கிடந்த அரிதட்டைப் பார்த்தாள்.

“கிருசாந்தி, பொறு. போன மாசம் நீ அந்தாட்டிக்காக் கல்லும் ஒண்டு அனுப்பினனி. ரெண்டையும் ஒரே அரிதட்டிலதான் அரிச்சனான். கழுவினனான்தான். எண்டாலும் ஒண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.”

மறுபக்கம் கிருசாந்தி நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்ப விட்டிடுவம். கட்டுரை அனுப்ப மூண்டு கிழமைதான் இருக்கு.”

“அவுஸ்திரேலியக் கல்லில பாதி இன்னும் கரைக்காமக் கிடக்கு. மூண்டு கிழமையையும் எனக்குத் தா.”

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் புதுக்குடியிருப்புக்குப் போய் புது வாளி, புதுத் தூரிகை, நைலோன் துணி, பத்துப் போத்தல் வினாகிரி வாங்கினாள்.

“ஊறுகாய் போடப் போறீங்களோ ரீச்சர்?” என்றார் கடைக்காரர்.

“கல் ஊறப்போடப் போறன்.”

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

துணியைச் சட்டத்தில் இறுக்கித் தானே அரிதட்டுத் தைத்தாள். கிணற்றுத் தண்ணீரிலும் மணல் வருமென்று அதைக் கொதிக்கவைத்து மூன்று தரம் வடித்தாள். மணிகள் பறந்துவிடும் என்பதால் விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, வியர்வை கண்ணுக்குள் வடிய வடிய இருந்தாள். ஒன்பது நாளாக ஏழு வரி ஒன்றும் வரவில்லை.

அம்மா வீரம்மா கச்சான் கடலைத் தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு வந்தாள். மலைநாட்டுப் பேச்சு இன்னும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. “ஏன்டி இந்த வேக்காட்டுல வெந்துக்கிட்டு இருக்கே?” என்று சொல்லிக்கொண்டே, மகள் மேலிருந்த இரக்கத்தில் யன்னலைத் தள்ளித் திறந்தாள்.

சோளகக் காற்று ஒரே வீச்சில் உள்ளே வந்தது. காயவைத்திருந்ததில் பாதி மேசையில் இல்லை.

வீரம்மா பதறிப்போய்க் குனிந்து நிலத்தில் கையால் கூட்டத் தொடங்கினாள்.

“விடுங்கோ அம்மா. நிலத்தில பட்டது இனிச் சேராது.”

நிரோஜா குசினிக்குள் போய், முகத்தைக் கழுவினாள். பிறகு யன்னலைச் சாத்திவிட்டு மிச்சப் பாதியின் முன்னால் அமர்ந்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஒன்று வந்தது. ஏழு வரி. கிருசாந்திக்குச் சொல்லவில்லை, கடைசி மணி வரைக்கும் பார்த்து முடிக்காமல் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று இருந்தாள். பார்த்து முடிக்க இன்னும் ஆறு நாள் பிடித்தது.

“நாலு கிடைச்சிருக்கு,” என்றாள் அன்று. “ஒண்டு உடைஞ்சது. இன்னொரு விசயம். அந்தாட்டிக்காக் கல்லில முறுக்குக் குழல் மாதிரி ஒரு ஓடு நூற்றுக்கணக்கில இருந்தது, ஞாபகமோ? அங்கயிருந்து ஏதும் ஒட்டி வந்திருந்தா முதல்ல அதுதான் வந்திருக்கும். ஒண்டுகூட இல்லை.”

கிருசாந்தி சிரித்தாள். “நான் விடச் சொன்னனான்.”

“நீ முதல் கண்டதைச் சேர்க்காதே. நாலு எண்டே எழுது. காத்தில போனதையும் எழுது.”

“காத்தில போனதையுமோ?”

“ஓம். எவ்வளவு பாத்தனாங்கள் எண்டு வாசிக்கிறவைக்குத் தெரியவேணும்.”

கட்டுரை ஐந்து மாதம் கழித்து வந்தது. அதைச் சரிபார்த்தவர்கள் பதினேழு கேள்வி கேட்டிருந்தார்கள். பதினாறுக்கு நிரோஜா நாள்தோறும் குறித்துவைத்த கொப்பியிலேயே பதில் இருந்தது. பெயர்கள் இரண்டும் சேர்ந்தே வந்தன. அதே கிழமை, இன்னும் பன்னிரண்டு கல் வருகிறது என்று கிருசாந்தி செய்தி அனுப்பினாள்.

“பன்னெண்டா?” என்றாள் வீரம்மா. “அத்தனை வாளியையும் எங்கடி வைப்பே?”

நிரோஜா அறையைச் சுற்றிப் பார்த்தாள். “என்ர கட்டிலை விறாந்தைக்கு எடுப்பம். நீங்கள் கால்மாட்டைப் பிடியுங்கோ.”