எல்லோரும் தலை குனிந்த வளைவு

எல்லோரும் சௌக்கியமா? வெயில் கொளுத்துகிறதே, தண்ணீர் குடிக்கிறீர்களா? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள், கதை மலைமேல் ஏறப்போகிறது.

இந்தக் கோடையில் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்றதும் எங்கள் மருமகள் ஒரே ஒரு பாதையைத்தான் கேட்டாள். அணைக்கட்டுக்கு மேலே, பாறையைக் குடைந்து போட்ட பழைய மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்புறம் வெறும் ஆகாயம்.

"பாக்கணும்னு இல்ல அத்தை. நான் ஓட்டணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மருமகளோ கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிப் பெட்டிகளைத் தூக்குமே, அந்த வண்டி. பெட்டிகள் உயரமாக இருந்தால் முன்னால் ஒன்றும் தெரியாது. பாதி நாள் பின்பக்கமாகவேதான் ஓட்டுவாள்.

"குடோன்ல பெட்டி தூக்குறதும் மலை ஏறுறதும் ஒண்ணாம்மா?" என்றார் இவர்.

"இல்ல மாமா. பெட்டி நொய் நொய்னு பேசாது."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. உச்சியில் இருக்கும் காட்சிமுனை வரை அவள் ஓட்டலாம். நடுவில் திணறி நின்றால் சாவி என் மகன் கைக்குப் போகும். அப்புறம் வீடு திரும்பும்வரை அவள் கேட்கவே கூடாது. அவள் சாவியை வாங்கி விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

காலையில் கிளம்பினோம். கண்டக்டர் முன்சீட்டில், நானும் மகனும் பின்னால். ஒவ்வொரு வளைவுக்கும் கீழே அணைத்தண்ணீர் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் ஏரி, பிறகு குளம், அப்புறம் கைக்கண்ணாடி. ஓரிடத்தில் அருவி நேராகச் சாலையிலேயே விழுந்தது. அவள் வைப்பரைப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே புகுந்து போனாள். எட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இவர் காலடியில் பிரேக் கிடையாது. இருந்தும் மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஹார்ன் அடி."

"அடிச்சாச்சு மாமா."

"நான் சொன்னப்புறம் இன்னொரு தடவ அடி."

உச்சி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் எதிரே ஒரு லாரி வந்தது, முதுகு நிறைய மரத்தோடு. அவள் காரைப் பாறையோடு ஒட்டி நிறுத்தினாள். லாரியும் மூக்குக்கு நேரே நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"பாரத்தோட என்னால பின்னால ஏத்த முடியாதும்மா. நீங்கதான் எறங்கணும். அந்த வளைவு தாண்டி ஒதுங்க எடம் இருக்கு."

"தள்ளு, நான் எடுக்குறேன்" என்றான் மகன்.

"எப்படித் தள்றது? என் பக்கம் பாறை, அந்தப் பக்கம் சுவரு. கதவு தெறக்காது. என் மடியில உக்காந்து ஓட்டுறீங்களா?"

"அப்ப நின்னாச்சு" என்றார் இவர்.

"லாரிக்காக நின்னேன் மாமா. திணறல."

ரிவர்ஸ் கியரைப் போட்டாள். உடனே நாங்கள் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் பின்னால் திரும்பினோம். இவர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு, "வரலாம், வரலாம், லெஃப்ட் ஒடி" என்று பழைய உத்தியோகத்தைத் தொடங்கினார்.

"மாமா, எனக்கு உங்க காதுதான் தெரியுது. எல்லாரும் தலையக் குனிங்க."

டிக்கெட் பரிசோதகருக்குக்கூடத் தலை குனியாத மனுஷன். "நானா?"

"குனிங்க மாமா."

சத்தம் போடவில்லை. கிடங்கில் ஆட்களை ஒதுங்கச் சொல்லும் குரலாக இருக்க வேண்டும். இவர் நெற்றி முன்பலகையில் போய்ப் படிந்தது. நானும் மகனும் மடங்கினோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் செருப்பும், ஒரு பாட்டில் மூடியும். கேட்டதெல்லாம் டயருக்கடியில் நொறுங்கும் சரளைக்கல்லும், எங்களைத் தொடர்ந்து மெல்ல இறங்கும் லாரியின் பிரேக் சீறலும். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகன் என் கையைப் பிடித்தான். அவன் கைதான் ஈரம்.

முன்சீட்டுக்குக் கீழிருந்து இவர் குரல். "எங்கம்மா இருக்கோம்?"

"வளைவுல."

"எந்த வளைவு?"

"நீங்க குனிஞ்சிருக்கிற வளைவு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பள்ளத்துக்கு மேலே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரித்தேன்.

கார் நின்றது. "நிமிரலாம்" என்றாள்.

அகலமான இடத்தில், பாறையைச் சுரண்டாமல், சுவரைத் தொடாமல் நின்றிருந்தோம். லாரி உரசுகிற மாதிரி கடந்துபோனது. டிரைவர் இவரைப் பார்த்து, "நல்ல டிரைவரா வச்சிருக்கீங்கய்யா" என்றார்.

"மருமக" என்றார் இவர். ஒரே வார்த்தை. ஆனால் லாரிக்காரர் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாக.

அவள் சாவியை உருவி அவர் முன்னால் நீட்டினாள். "ஏறுன வண்டிய எறக்கிட்டேன் மாமா. இது ஒப்பந்தத்துல இல்ல. நீங்களே சொல்லுங்க."

இவர் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை. ஜன்னல் வழியே கையை வெளியே விட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார், பஸ்ஸில் தட்டுவாரே, அப்படி.

"போலாம், ரைட்."

காட்சிமுனை வரை அவர் கால் எதையும் மிதிக்கவில்லை. ஊர் திரும்பும்வரை சாவியும் கைமாறவில்லை.

இப்போது உங்கள் முறை. உங்கள் வீட்டில் யார், எந்த வளைவில் தலை குனிந்தார்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள். இவருக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.