ஐந்து பேர் மேஜை

2024 ஜூலை 13, சனிக்கிழமை காலை 10.40 மணிக்கு, ராஜபாளையம் அருகே செட்டியார்பட்டி சாலையில் உள்ள ஒரு பேண்டேஜ் கம்பெனியிலிருந்து இருநூற்றுப் பத்து பெட்டிகளுடன் ஒரு லாரி மதுரைக்குப் புறப்பட்டது.

பத்து நிமிடம் கழித்து, சாம்பிளுக்கென்று எடுத்துவைத்த பாக்கெட்டுகளை அடுக்கப்போன மாரிச்செல்வி, ஒன்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பாக்கெட்டின் ஓரத்தில் இருந்த புள்ளி சிவப்பாக இருந்தது.

பேண்டேஜ் துணியை மடித்து உறையிலிட்டு, ஓர் அறைக்குள் அடுக்கி, கிருமி நீங்க வாயு செலுத்துவார்கள். உள்ளே போகும்போது சிவப்பாக இருக்கும் புள்ளி, வெளியே வரும்போது பச்சையாகியிருக்க வேண்டும். அறையின் மூலைகளில் வாயு எட்டாத பாக்கெட்டுகள் சில எப்போதும் மிஞ்சும். அவற்றைப் பொறுக்கி மறுபடியும் உள்ளே அனுப்புவது செக்கிங் மேஜையின் வேலை. இரண்டு நாட்களாக அந்த மேஜையில் இருந்தவன் ஹாரிஸ்.

ஹாரிஸின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பேக்கிங் பிரிவில் அவனோடு வேலை பார்க்கும் மாரிச்செல்வி, சுமையா, பியூலா, வீரணன் ஆகிய நால்வருக்கும் இது தெரியும். மேனேஜர் ரத்தினத்துக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்தபோது ‘பார்வைக் குறை இல்லை’ என்ற கட்டத்தில் ஹாரிஸ் டிக் அடித்திருந்தான். அடுத்த மாதம் அவனை நிரந்தரமாக்குவதாக இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலையே போகும்.

இரண்டு வருடங்களாக ஐவரும் ஒரே நீள மேஜையில்தான் வேலை பார்த்தார்கள். மூத்தவளான மாரிச்செல்விக்கு இருபத்து நான்கு வயது. அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் ஆபீஸ் வரை கேட்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பேசத்தான் தெரியும், சேர்ந்து வேலை பார்க்கத் தெரியாது என்பது ரத்தினத்தின் எண்ணம். வியாழக்கிழமை காலை நீள மேஜையை எடுத்துவிட்டு ஐந்து சின்ன மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். யாருக்கு எந்த வேலை என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். செக்கிங் ஹாரிஸுக்கு வந்தது. அவன் ‘சரி சார்’ என்று அந்த மேஜையில் போய் உட்கார்ந்தான்.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் ஒருக்கா பாத்துருதேன்” என்று சுமையா சொன்னாள். வியாழக்கிழமை பார்த்தும்விட்டாள். வெள்ளிக்கிழமை அம்மாவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதால் அவள் வரவில்லை.

மாரிச்செல்வி இன்னும் பன்னிரண்டு பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு சிவப்பு.

“ஏட்டி பியூலா, நேத்து ஹாரிஸ் டேபிளை யாரு பாத்தது?”

“நீ பாக்கலியா?”

“நீ பாத்திருப்பேன்னுல்லா நெனச்சேன்!”

பியூலா மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார், போன் எட்டவில்லை. வீரணன் லாரி டிரைவர் பால்ச்சாமியைக் கூப்பிட்டான்.

“மேனேஜர் சொல்லாம வண்டியைத் திருப்புனா என் சீட்டைக் கிழிச்சிருவாரு. வைலே போனை.”

வீரணன் பைக் சாவியை எடுத்தான். “நானும் வாரேன்” என்றான் ஹாரிஸ்.

“நீ எதுக்குலே?”

“விட்டது நான்தானே.”

கிருஷ்ணன்கோவிலில் ஒரு டீக்கடையோரம் லாரி நின்றது. பால்ச்சாமி வடை தின்றுகொண்டிருந்தார்.

“ஒரு புள்ளிக்காகவா அம்புட்டு தூரம் திரும்பணும்?”

“ஆபரேஷன் பண்ண புண்ணுல வைக்கிறதுண்ணே. செக்கிங் பண்ணவன் இவன்தான்” என்றான் வீரணன்.

பால்ச்சாமி லாரியில் ஏறி, ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பாக்கெட்டை ஹாரிஸிடம் நீட்டினார். “இது என்ன கலரு?”

வீரணன் வாயெடுத்தான். பால்ச்சாமி தடுத்தார். “நீ சும்மா இருலே. செக்கிங் பண்ணவன் சொல்லட்டும்.”

ஹாரிஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தெரியலண்ணே. எனக்கு ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும். அதான் ஓடியாந்தேன்.”

பால்ச்சாமி பாக்கெட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். “நல்லவேளை, நீ லாரி ஓட்ட வரலலே” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இரண்டரை மணிக்கு ரத்தினம் வந்தபோது லாரி கம்பெனி வாசலில் நின்றது. உள்ளே ஐந்து மேஜைகளும் ஒன்றாகச் சேர்த்துப் போடப்பட்டிருந்தன.

“யாரைக் கேட்டு வண்டியைத் திருப்புனிய?”

மாரிச்செல்வி சிவப்புப் புள்ளி பாக்கெட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் சுவரில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஹாரிஸா?”

“அஞ்சு பேர் தப்பும்தான் சார்” என்றாள் அவள்.

“இல்ல சார், எனக்குக் கலர் தெரியாது” என்றான் ஹாரிஸ். டிக் அடித்ததையும் சொன்னான்.

ரத்தினத்துக்கு உடனே கோபம் வரவில்லை. அந்தப் பிரிவிலிருந்து போன ஒரு பாக்கெட்கூட இரண்டு வருடங்களில் திரும்பி வந்ததில்லை. அதற்காக முதலாளியிடம் அவர்தான் பாராட்டு வாங்கியிருந்தார்.

“அப்ப இத்தன நாளு எப்படிலே ஓட்டுன?”

சுமையா கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். “நாங்க பேசிக்கிட்டே இருக்கோம்னு ஏசுவியள்லா சார்? அதுல பாதி இதுதான். அவன் எடுத்து வைப்பான், நான் ‘போ, போ, நில்லு’ம்பேன். ஊடால சீரியல் கதையும் ஓடும்.”

வியாழக்கிழமைச் சரக்கைச் சுமையா பார்த்துவிட்டதால், வெள்ளிக்கிழமையின் முப்பத்தெட்டு பெட்டிகளைப் பார்த்தால் போதும். ஹாரிஸ் பெட்டிகளைத் தூக்கிவந்து மேஜையில் கொட்டினான். மூன்று பெண்களும் பார்த்துத் தள்ளினார்கள். வீரணன் அடுக்கி ஒட்டினான். பியூலா கண்ணைக் கசக்கிய மறுகணம் வீரணன் அவள் இடத்துக்கு வந்தான். அவள் டேப்பை வாங்கிக்கொண்டாள். யாரும் யாரையும் ஏவவில்லை. இருபத்தாறு வருட அனுபவமுள்ள ரத்தினம், தான் எழுதி ஒட்டிய எந்தத் தாளும் ஒரு பிரிவை இப்படி நடத்தியதில்லை என்பதை நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுமையாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

ஐந்து நிமிடம் ஆனது. “சார், கோவிச்சுக்கிடாதிய. நீங்க ரொம்ப மெதுவு” என்றாள் மாரிச்செல்வி. “டேப் ஒட்டுங்க.”

அவர் டேப் ஒட்டப் போனார்.

அறுபத்தொரு சிவப்புப் புள்ளிகள் கிடைத்தன. ஐந்தரை மணிக்கு வேலை முடிந்தது. அன்று மாலையே ரத்தினம் முதலாளிக்கு எழுதினார்: மேஜைகளைப் பிரித்தது தன் முடிவு, ஹாரிஸுக்கு நிறம் தெரியாது, அதை ஐவரும் மறைத்தார்கள், சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அந்த ஐவர்தான், ஹாரிஸைப் பெட்டி ஏற்றும் வேலையில் வைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை பதில் வந்தது. படிவத்தில் பொய்யாக டிக் அடித்ததற்காக ஹாரிஸின் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் அவன் நிரந்தரமானான்.