ருசி பார்க்க மாட்டேன்

தியோடோரிக் ஹார்பின் செத்த பிறகு, அவன் மனைவி சாப்பிட உட்காரும் ஒவ்வொரு வேளையும் அவளுக்கு முன்னால் நான் ஒரு வாய் சாப்பிட வேண்டியிருந்தது.

"முழுங்கு. வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

தூக்கிக் காட்டுவேன். லெட்டிஸ் ஹார்பின் எட்டிப் பார்ப்பாள். பிறகு நான் விழுகிறேனா என்று, சூப்பில் ஆடை படியும்வரை காத்திருப்பாள். நான் விழ மாட்டேன். அதன் பிறகுதான் கரண்டியை எடுப்பாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கைச் சமையலைச் சாப்பிட்டவள்.

ஹார்பின் உயில் எழுதிய விதம் அப்படி. அவனுடைய அடிமைகள் அத்தனை பேரும் அவன் மனைவி இருக்கும்வரை அவளுக்கு உழைக்க வேண்டும். அவள் கண்ணை மூடிய அன்று எல்லோருக்கும் விடுதலை. நிலமும் வீடும் அவளுக்குப் பின் அவன் தம்பி மகன் அம்ப்ரோஸுக்கு. ராப்பஹானக் ஆற்றோரத் துரைமார்களில் பலர் அந்த நாளில் இப்படித்தான் எழுதினார்கள். இங்கிலாந்து ராஜாவை விரட்டியபோது மனிதர் எல்லோரும் சமம் என்று பேசியவர்கள். சாகும்போது பேசியது தொண்டையில் மாட்டிக்கொள்ளும். மனைவிக்கு ஒரு குறையும் வரக் கூடாது, மேலே போய்ப் பதில் சொல்லவும் வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனான். அடுப்படியில் நிற்பவளின் விடுதலையைச் சாப்பாட்டு மேசையில் இருப்பவளின் மூச்சோடு முடிச்சுப் போடுகிறோமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவன் அடுப்படியைப் பார்த்திருந்தால்தானே.

வக்கீல் அதை வாசித்தபோது எங்களை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். கடைசி வரி முடிந்ததும் அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தக் கணத்தில் இரண்டு பேர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். அதற்கு முன் எங்கள் இருவருக்கும் பொதுவாக எதுவுமே இருந்ததில்லை.

எங்கள் குடிசைகளின் பக்கம் அது வேடிக்கையாகிவிட்டது. குதிரை லாயத்து முங்கோ மாமா தினமும் கேட்பார்.

"என்ன டில்லா, இன்னிக்கு நம்ம விடுதலை இருமுச்சா?"

"ரெண்டு தடவை இருமுச்சு மாமா. அப்புறம் தேன் குடிச்சுத் தேறிடுச்சு."

"அந்தத் தேனை யார் கொடுத்தது?"

"நான்தான்."

"அட மூளை கெட்டவளே!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அடுப்படிக்குத் திரும்பும்போது சிரிப்பு நின்றுவிடும்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்தேனா? நினைத்தேன். காலையில் சோள மாவு பிசையும்போது, யாரும் கூப்பிடாமல் அந்த நினைப்பு வந்து பக்கத்தில் நிற்கும். அதை நான் விரட்டியதும் இல்லை, உட்காரச் சொன்னதும் இல்லை. மனம் அது பாட்டுக்குப் போகும். கை உப்பைச் சரியாகப் போடும். என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு வலிக்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே ஆசையைத் தினமும் அவள் முன்னால் விழுங்கி, மிச்சம் இல்லை என்று வாயைத் திறந்து காட்டினேனே, அதுதான் வலித்தது.

வசந்தத்தில், ஷாட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும் பருவத்தில் அம்ப்ரோஸ் வந்து சேர்ந்தான். கூடவே இரண்டு பெரிய பார வண்டிகள். முதல் நாள் சாப்பாட்டின்போது நான் பன்றித் தொடைக்கறித் தட்டோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலிக்குக் காது கிடையாது என்பதுபோலத்தான் எங்கள் முன்னால் அவர்கள் பேசுவார்கள்.

"பெரியம்மா, உங்களைச் சுத்தி இத்தனை பேர் உங்க சாவுக்குக் காத்துக்கிட்டு நிக்கறாங்க. எப்படித்தான் தூங்கறீங்களோ! பாதிப் பேரை நான் கென்டக்கிக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். வாடகைக்கு எடுத்ததா எழுதிக்கலாம்."

"அவர் உயில்ல விடுதலைன்னு இருக்கே, அம்ப்ரோஸ்."

"மலைக்கு அந்தப் பக்கம் உயிலை யார் படிக்கப் போறாங்க? உங்களுக்கும் நிம்மதி. வயசுப் பிள்ளைகளா பொறுக்கிக்கறேன். அந்தச் சபீனா இருக்காளே, அவளுக்கு அங்கே நல்ல வெலை..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "நல்ல வேலை இருக்கு."

சபீனா என் மகள். பதினாறு வயது. தொடைக்கறியை அவனுக்குப் பரிமாறினேன்.

அவன் எழுந்து போன பிறகு கேட்டேன். "அம்மா, சபீனாவை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

"வண்டி திங்கக்கிழமை கிளம்புது டில்லா. மலைமேல குளிரும். அவளுக்குக் கம்பளி இருக்கான்னு பாரு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதில் எங்காவது நுழைய இடம் இருந்திருக்கும்.

சமையலறைக்குப் பின்னால் வேலியோரம் சபீனா எனக்காகக் காத்திருந்தாள். செய்தி எனக்கு முன்னால் அவளிடம் போயிருந்தது.

"நான் போக மாட்டேன். ஓடிடுவேன்."

"நாயை விட்டுப் பிடிப்பாங்கடி."

"அப்ப அவ செத்துட்டா?" என்றாள், பட்டப்பகலில், தாழ்ந்த குரல்கூட இல்லாமல். "திங்கக்கிழமைக்குள்ள அவ செத்துட்டா நான் போக வேணாம்தானே? நீதானேம்மா சமைக்கற?"

அவள் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையில் அவள் மூச்சு சுட்டது. ஒரு வருஷமாக எனக்குள்ளே நான் மட்டும் கேட்ட வார்த்தை. என் மகள் வாயில் அதை அன்றுதான் கேட்டேன்.

வேலியோரம் போக் கீரை துளிர்த்திருந்தது. இளந்துளிரைக் கிள்ளி, மூன்று தண்ணீர் வைத்து, மூன்று முறையும் வடித்துக் கொட்டினால் அமிர்தம். ஒரு தண்ணீரோடு விட்டால் வயிற்றைப் புரட்டும். வேர் கொன்றேவிடும். அது இங்கே குழந்தைக்கும் தெரியும். லெட்டிஸ் ஹார்பினுக்கும் தெரியும். அந்தக் கீரை என்றால் அவளுக்கு உயிர். நான் குனிந்து துளிரைக் கிள்ள ஆரம்பித்தேன். காலடியில் வேர் இருந்தது. மண் ஈரமாக இருந்தது. ஒரு இழுப்புக்கு வந்திருக்கும்.

யோசித்தேன். அவள் செத்தால் முதலில் வருவது விடுதலை இல்லை, ஷெரிப். சமையல்காரிக்குத் தூக்கு. எங்களில் ஒருவர் சொல்லும் கோர்ட்டில் ஏறாது. அந்தக் குழப்பத்திலேயே அம்ப்ரோஸ் வண்டியைக் கட்டிவிடுவான். ஆனால் கையை நிறுத்தியது அது மட்டும் இல்லை. ஹார்பின் எனக்கென்று ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதற்குள் நுழைந்தால் இவர்கள் என்னைப் பற்றி நினைத்திருப்பதுதான் நான் என்று ஆகும். அந்தக் கதவு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. வேறு வாசல் இல்லையென்றால் சுவரை இடிக்க வேண்டியதுதான்.

கீரையை மூன்று தண்ணீர் வைத்து வடித்தேன். உப்பிட்ட பன்றிக்கொழுப்பில் தாளித்தேன். அவ்வளவு பதமாக நான் அதற்கு முன் சமைத்ததில்லை.

மேசையில் வைத்தபோது மணம் எழுந்தது. அவள் முகம் ஒரு நொடி குழந்தை முகமாகிவிட்டது. உடனே கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"ம்."

"மாட்டேம்மா."

"என்ன?"

"ருசி பார்க்க மாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், இனிமேலும் மாட்டேன்."

அம்ப்ரோஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "திமிரைப் பார்த்தீங்களா! எதையோ கலந்திருக்கா. சவுக்கை எடுத்தா தானா வாயைத் திறப்பா."

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துச் சொன்னேன். "ஒரு கரண்டி போதும்மா. சின்னத் துரையையே ருசி பார்க்கச் சொல்லுங்களேன். நீங்க இருக்கற வரைக்கும் நான் அடிமை. அதனால என்னை நம்ப மாட்டீங்க. நியாயம். ஆனா நீங்க இருக்கற வரைக்கும் இந்த வீடும் அவருக்கு இல்லையே. அவருக்கு மட்டும் காத்திருக்கத் தெரியாதா? நீங்க போனா நாங்க கை நழுவிடுவோம்னுதானே இப்பவே வண்டியோட வந்திருக்காரு? எங்களை முன்னாடியே ஏத்தி அனுப்பிட்டா, அப்புறம் நீங்க போனா அவருக்கு என்ன நஷ்டம்?"

அவள் கரண்டியை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள்.

"சாப்பிடு அம்ப்ரோஸ்."

"எனக்கு இந்தக் கீரை ஆகாது பெரியம்மா."

"போன வசந்தத்துல ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே."

"அது... இப்ப வயிறு சரியில்லை."

"அப்ப மீன்?"

"முள்ளு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எதுவும் சாப்பிடாமல் எழுந்து போனாள். கீரை மேசையிலேயே ஆறியது. திரும்ப எடுத்து வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து, சாம்பலில் சுட்ட ரொட்டியோடு முழுவதையும் நானே சாப்பிட்டேன். யாருக்காகவும் இல்லை. பசித்தது.

என்னைத் தூணில் கட்டி அடிக்க வேண்டும் என்று அம்ப்ரோஸ் கத்தியது மாடியிலிருந்து கேட்டது. அவள் பதிலும் கேட்டது. "அடிச்சுட்டு, அப்புறம் அவ கையால சாப்பிடச் சொல்றியா?"

மறுநாள் என்னை விலக்கிவிட்டு, துணி வெளுக்கும் ஜூடித்தைச் சமைக்கச் சொன்னாள். ஜூடித் சமைத்தாள். கரண்டியை நீட்டியதும், "எனக்கும் சின்னத் துரை மாதிரி வயிறு சரியில்லம்மா" என்றாளாம். அதற்கடுத்து முங்கோ மாமாவைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள். "எனக்குப் பல்லே இல்லைங்களே" என்று சிரித்துக் காட்டினார். மனிதருக்குக் குதிரைப் பல். யாரும் கூடிப் பேசிவைக்கவில்லை. ஒருத்தி மாட்டேன் என்றது காதில் விழுந்தது, அவ்வளவுதான். லெட்டிஸ் ஹார்பின் ஓட்டோடு வேகவைத்த முட்டையைத் தன் கையால் உரித்துத் தின்று இரண்டு நாளைத் தள்ளினாள். ஓட்டுக்குள் யாரும் எதுவும் வைக்க முடியாதே.

ஞாயிற்றுக்கிழமை அவளே சமையலறைக்கு வந்தாள். அந்த வாசலை அவள் தாண்டி நான் பார்த்ததில்லை. புகை கண்ணில் பட்டுக் கண்ணைக் கசக்கினாள். உட்கார ஒரு முக்காலிதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"உனக்கு என்னடி வேணும்?"

"நாளைக்கு ஊர்க் கோர்ட்டு கூடுது. வண்டியைப் பூட்டச் சொல்லுங்க. நீங்க இருக்கும்போதே எங்களை விட்டாச்சுன்னு அங்கே எழுதிக் கொடுங்க. சபீனா மட்டும் இல்லை, எல்லாரையும்."

"மிரட்டறியா?"

"இல்லம்மா. நீங்க பயப்படறது என்னைப் பார்த்து இல்லை. அவர் எழுதின வரியைப் பார்த்து. அதைக் கோடு போட்டு அடிக்க உங்களால முடியும், என்னால முடியாது. அடிச்சிட்டீங்கன்னா உங்க சாவுக்குக் காத்திருக்க எங்களுக்குக் காரணமே இல்லை."

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்? பழைய கவுன் எத்தனை கொடுத்திருக்கேன்!"

பதில் சொல்லத் தொடங்கினால் விடியும்வரை சொல்ல வேண்டியிருக்கும். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மெலிந்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பரிதாபம் எட்டிப் பார்த்தது. அதை நான் உள்ளே விடவில்லை. அவள் என் மகளுக்குக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டவள்.

"முங்கோவை வண்டி பூட்டச் சொல்லு" என்றாள் போகும்போது.

கோர்ட்டில் நீதிபதிகள் மூன்று தடவை அவளைக் கேட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? இல்லை. சொந்த விருப்பம்தானே? ஆமாம். அவள் தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். அதைப் பாராட்டத்தான் வேண்டும். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். குமாஸ்தா ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உயரம் அளந்து, தழும்பு பார்த்து எழுதினான். என் முறை வந்தபோது, "எஜமானிக்கு நன்றி சொல்லு" என்றான் பேனாவை நிறுத்தி.

"அதுவும் சட்டத்துல இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவன் மேலே பார்த்தான். பெயரை எழுதினான். மிர்ட்டில்லா. சபீனா, அவள் மகள்.

அம்ப்ரோஸின் வண்டிகள் வெறுமையாக ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. அவன் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. அவள் தன் வண்டிக்குள் உட்கார்ந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சம்பளம் தரேன். வந்து சமை. இனிமேதான் உனக்கு என்னைக் கொல்லக் காரணம் இல்லையே."

"சமைக்கவும் காரணம் இல்லம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு வேறு குரலில், யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டாள். "உண்மையைச் சொல்லு டில்லா. ஒரு நாளாவது நினைச்சியா?"

நேற்றுவரை இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: ஐயோ, இல்லைம்மா, சத்தியமா இல்லை. அது தானாகவே நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. வந்ததை நிறுத்தினேன். அவள் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"தினமும் நினைச்சேன்" என்றேன். "ஆனா உங்களுக்குப் போட்டது சோறுதான்."

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று பார்க்க நான் நிற்கவில்லை. அதைப் பார்த்து அதற்குத் தக்கபடி நடந்துகொள்வதுதான் அதுவரை என் பிழைப்பு. சபீனா பாதையில் கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தாள். கம்பளியைத் தோளில் மூட்டையாகப் போட்டுக்கொண்டு, வாம்மா, சீக்கிரம் வா, மழை வரப்போகுது என்று கத்தினாள். என்னை அதட்டியே கூப்பிட்டாள். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் என் நடையிலேயே போனேன்.