ஐம்பத்து நான்கு மணி நேரப் பாட்டு

1996 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சிட்லபாக்கத்தில் எங்கள் ஆலய ஆராதனையின் கடைசிப் பாட்டு காலை ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. பாட்டில் நான்கு சரணங்கள்தான். சபைப் பதிவேட்டில் இந்த நேரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. வந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது, ஏனென்றால் பாட்டு முடியும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆர்கன் வாசித்தவர் எங்கள் அம்மா தபீதாள்.

அம்மா 1938இல் பிறந்தார். வார நாட்களில் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பத்தேழு ஆண்டுகள் எங்கள் ஆலயத்தின் ஆர்கனிஸ்ட். காலால் மிதித்துக் காற்றடைத்து வாசிக்கும் பழைய ஆர்கன் அது. சபை பாட்டை இழுத்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. இது மாட்டு வண்டி இல்லை என்று பாடகர் குழுவிடம் சொல்வார். ஆராதனை நடுவில் சொல்ல முடியாதபோது தலையை மட்டும் பக்கவாட்டில் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு ஆயரே வேகம் கூட்டியதுண்டு.

அப்பா தயாளன் 1975இல் மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு ஏழு வயது, தம்பி ஜெர்சனுக்கு நான்கு. ஆர்கன் வாசிப்பவர் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பெஞ்சில் ஆள் இல்லை. அம்மா அப்பாவின் ஸ்கூட்டரை விற்றார், அதன் பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். அதைக் கம்பியால் ஆர்கன் மேல் கட்டி, மூன்றாம் வரிசை தெரிகிறாற்போலத் திருப்பிவைத்தார். அந்தக் கண்ணாடியில் நாங்கள் இருவரும் எப்போதும் தெரிந்தோம். ஆலயத்துக்கு வராத நாட்களிலும் தெரிந்தோம் என்பது 1983இல்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு தாம்பரத்தில் காலைக் காட்சிக்குப் போயிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "இடைவேளைக்கு முன்னாடியே முறுக்கெல்லாம் தின்னு தீத்துட்டீங்களே, அப்புறம் பசிக்கலையா?" எங்கிருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்கிறோமோ அதைச் செய்தபடி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்போமாம். அதற்குப் பிறகு ஞாயிறு காலைகளில் நாங்கள் எங்கே போனாலும் ஒழுங்காக உட்கார்ந்தோம்.

1992இல் நான் நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனேன். அம்மாவின் கடிதங்கள் மாதம் இரண்டு வரும். போன ஞாயிறு இளைத்துத் தெரிந்தாய், முட்டை சாப்பிடு என்றோ, சீருடையில் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, தைத்துக்கொள் என்றோ இருக்கும். குனிந்து பார்த்தால் பொத்தான் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறன்று ஜெர்சன் கூடுவாஞ்சேரியில் நண்பன் வாங்கவிருந்த மனையைப் பார்க்க பைக்கில் போனான். திரும்பும் வழியில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரி அவனை இடித்துவிட்டுப் போயிற்று. கடைசிப் பாட்டின் மூன்றாம் சரணத்தில் அம்மா நிமிர்ந்து பார்த்தபோது, கண்ணாடியில் அவன் சட்டை சிவந்திருந்தது. கண்ணாடியில் பக்கத்தில் தெரிந்த என் வலது தோளில் சாய்ந்திருந்தான். அவன் உடம்பு வழியாக பெஞ்சின் மரம் தெரிந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கடைசிச் சரணம் முடிந்ததும் ஆர்கன், பல கட்டைகளை ஒன்றாக அழுத்தி, இரண்டு கட்டைச் சேர்ப்புகளை வாசிக்கும். அதற்குச் சபை ஆமென் பாடும். அந்த ஆமென் வந்த பிறகுதான் ஆயர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்குவார். அது வராமல் எதுவும் முடிந்ததாகக் கணக்கில்லை, யாரும் எழுந்து போவதும் இல்லை. அம்மா ஆமெனை வாசிக்கவில்லை. முதல் சரணத்துக்குத் திரும்பினார். முப்பது வருடத்தில் டீச்சர் செய்யும் முதல் பிழை என்று நினைத்து, அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாமே என்று சபையும் கூடவே பாடியது. மூன்றாம் சுற்றில், ஆலயத்தைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை யேசுதாசன் மெல்ல அருகில் வந்து, பாட்டு முடிந்துவிட்டது என்றார்.

"முடியல யேசுதாசா. என் புள்ள இன்னும் உக்காந்திருக்கான், பாரு."

யேசுதாசன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு போய் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, பாடத் தொடங்கினார். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து விஷயம் சொன்னதும் ஆயர் ஜீவானந்தம் சபையை மூன்று குழுவாகப் பிரித்து முறை வைத்துக் கொடுத்தார். குரோம்பேட்டையில் ஜெர்சனைச் சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரியின் டாக்டர், பையன் ஒரு மணி நேரம் தாங்கமாட்டான் என்று பத்தரை மணிக்குச் சொல்லியிருந்தார். அதன்பின் அவன் அட்டையில் நாடியும் ரத்த அழுத்தமும் ஒரே எண்ணாக வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நகரத்திலிருந்து வரவேண்டிய அறுவை மருத்துவர் திங்கட்கிழமை சாவகாசமாக வந்து, காபி குடித்துவிட்டு, இரண்டு தடவை அறுவை செய்தார்.

திங்களன்று நடக்கவிருந்த கல்யாணம் இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் இடையில் நடந்தது. எதிரில் மளிகைக் கடை வைத்திருந்த அரிகிருஷ்ணன், ஏரிக்கரையில் ஒரு காலத்தில் நெல் விளைவித்த குடும்பத்துக்காரர், வாசலில் வந்து நின்று, "இன்னா ஐயரே, நேத்துலேர்ந்து ஒரே பாட்டு ஓடினு கீது?" என்று ஆயரைக் கேட்டார். காரணம் தெரிந்ததும் அண்டா நிறைய மோர் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நான்காம் சரணத்தை மனப்பாடம் செய்துகொண்டு பின்வரிசையில் நின்றார். மஸ்கட்டில் எனக்கு யாரும் இன்னும் தகவல் சொல்லியிருக்கவில்லை. மூன்று நாளும் வலது தோள் பாரமாக இருந்தது; ஏனோ அதை அசைக்கத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் கண்ணாடியில் ஜெர்சன் ஆஸ்பத்திரிப் பச்சை உடையில் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கைச் சொறிந்தான். பெஞ்சின் மரம் மறைந்துவிட்டது. அம்மா அந்தச் சரணத்தை முழுதாக வாசித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆமெனைப் போட்டார். அடுத்த ஞாயிறு வீங்கிய காலோடு வந்து, வேகம் குறையாமல் வாசித்தார். ஆயர் சில மாதங்களுக்கு இரண்டு சரணப் பாட்டுகளாகவே தேர்ந்தெடுத்தார்.

ஜெர்சனுக்குப் பாட்டு வரவே வராது. எழுந்து நடந்த பிறகு அம்மா அவனை உட்காரவைத்து ஆமெனின் இரண்டு கட்டைச் சேர்ப்புகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார். இது போதும் உனக்கு என்றார். அதன்பின் என் கல்யாணம், அவன் கல்யாணம், பேரப்பிள்ளைகள், அவர்களுக்காகச் சற்றே அகலமாகத் திருப்பப்பட்ட கண்ணாடி. 2015 வெள்ளத்தில் ஏரி ஆலயத்துக்குள் வந்தபோது முதலில் மேலே தூக்கப்பட்டது ஆர்கன்தான். தன் புத்தகங்களுக்கு முன்னால் அது போனதில் ஆயருக்கு வருத்தமில்லை.

2023 பிப்ரவரியில், எண்பத்தைந்தாம் வயதில், அம்மா இறந்தார். அடக்க ஆராதனையில் பாட்டை ஞானஜோதி என்கிற பாடகர் குழு அக்கா வாசித்தார். கடைசிச் சரணம் முடியும்போது அவர் இடத்தை விட்டு எழுந்து, ஜெர்சனைக் கூப்பிட்டார். ஜெர்சன் உட்கார்ந்தான், கையைக் கட்டைமேல் வைத்தான், கண்ணாடியைப் பார்த்தான், பிறகு கையை எடுத்துவிட்டான். மூன்றாம் வரிசையில், எனக்கும் அவன் காலி இடத்துக்கும் நடுவில், அம்மா பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு வழியாக மரம் லேசாகத் தெரிந்தது.

ஆமென் போட்டால் போய்விடுவார் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சபை ஆர்கன் இல்லாமலே முதல் சரணத்துக்குத் திரும்பியது. பலருக்கு இது பழக்கமான வேலை. யேசுதாசனின் மகன் ஜன்னல்களைத் திறந்தான். மூன்றாம் சுற்றில் அரிகிருஷ்ணன், இப்போது கையில் தடியோடு, மோர் அண்டாவுக்கு ஆள் அனுப்பினார். எத்தனை நாளானாலும் பாடுவார்கள் என்பது எல்லோர் முகத்திலும் இருந்தது. என் வாழ்நாளில் எங்கள் அம்மாவைப் பற்றி நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. நான்காம் சுற்றில், பெட்டியைச் சுற்றி நின்று அழுதபடி பாடியதில், பாட்டு மிகவும் மெதுவாகிவிட்டது. ஜெர்சன் மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். திரும்பி என்னிடம் சொன்னான்:

"அக்கா, அம்மா தலையை ஆட்டுறாங்க. நாம இழுக்குறோமாம்."

அந்தச் சரணம் முடியட்டும் என்று காத்திருந்து, இரண்டு கட்டைச் சேர்ப்புகளையும் சரியாக வாசித்தான். சபை ஆமென் பாடியது. ஆயர் கையைத் தூக்கினார். கண்ணாடியில் அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். போகவில்லை. மரம்தான் மறைந்தது.

அடக்கம் வழக்கம்போல் நடந்தது. புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: இடதுபக்க மிதி கொஞ்சம் இறுக்கம், மழை நாளில் மேல் கட்டைகள் இரண்டு ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியில் மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா தெரிவார், அவர் தலையை ஆட்டினால் வேகத்தைக் கூட்ட வேண்டும்.