கன்னத்தில் அதக்கிய முத்து

வாய்க்கு வாய் பேசுறவ நான். எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த வாய் ஒரு காலையில இல்லாமப் போச்சு. சிரிக்காமக் கேளுங்க.

காய்ச்சல் விட்டும் இருமல் விடல. கொழுந்து கிள்ளக் குனிஞ்சா குடலே வெளிய வந்துரும் போல இருமல். மூணாறு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினாரு. மஞ்சளா, முத்து மாதிரி, அமுக்கினா அமுங்குது. மருந்துக்கடைச் சேட்டன் மலையாளத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னான். மெல்லக் கூடாது, சப்பக் கூடாது, தண்ணியோட முழுசா விழுங்கணும். பிள்ளைங்க கைக்கு எட்டவே கூடாது, ஒண்ணு உள்ள போனாலும் உசுருக்கு ஆபத்து. சரி சரின்னு தலையாட்டினேன். இவன் என்ன எனக்குச் சொல்றதுன்னு ஒரு திமிரு. எங்க தேயிலைக் காட்டுல இருமல்னா அதிமதுரத்தைக் கன்னத்துல அதக்கிக்கிட்டுத்தான் செடி நிரைக்குள்ள இறங்குவோம். ரெண்டு கையும் கொழுந்துல இருக்கும், சாறு தானாத் தொண்டைக்கு இறங்கும். இருமல் மருந்துன்னா இடம் கன்னம்தான், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில என் மக ஷீனாவைக் கிரெச்சுல விட்டேன். நாலு வயசு. வாசல்லயே மாத்திரை அட்டையில இருந்து ஒரு முத்தைப் பிதுக்கி வாயோரம் ஒதுக்கினேன். மிட்டாயாம்மான்னு கேட்டா. நேரமாச்சேங்கிற எரிச்சல் எனக்கு. ஆமாடி, அம்மா மிட்டாய்னு சொல்லிட்டு மேல ஏறிட்டேன்.

மேல ஒரே பனி. பக்கத்து நிரை தெரியல. அப்பப் பார்த்து முத்து கன்னத்துல உடைஞ்சுச்சு. கசப்பு. நாக்கு மரத்துச்சு, உதடு மரத்துச்சு, தொண்டையும் போச்சு. தொட்டுப் பார்த்தா வேற யாரோட வாயையோ தொடுற மாதிரி இருக்கு. எச்சில் விழுங்க முடியல. தண்ணி பாட்டிலை எடுத்தேன், புரையேறிச் செத்துருவேன்னு பயந்து வெச்சுட்டேன். துப்பினேன், துப்பினதுகூடத் தெரியல.

அப்பத்தான் அட்டை நினைவுக்கு வந்துச்சு. அவசரத்துல ஷீனாவோட பிஸ்கட் பையில போட்டிருக்கேன். மிட்டாய்னு வேற சொல்லியிருக்கேன், பாவி.

பனி இறங்கினா யானைக்குப் பயந்து ஒவ்வொருத்தியாக் குரல் குடுக்கணும், அது எங்க வழக்கம். ஒரு குரல் குறைஞ்சா எல்லாரும் தேடி வந்துருவாங்க. கீழ் நிரையில இருந்து ராமுத்தாயக்கா கூவினா. வாயைத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. சரி, குரல் வரலேன்னா அக்கா ஓடி வருவா, சைகையில சொல்லிரலாம்னு நின்னேன்.

ஆனா அக்காவுக்குப் பதில் போச்சு. பாதைப் பக்கமிருந்து, என் குரல்ல, என் இழுவையோட.

"சரி ரோசி"ன்னா அக்கா. அடுத்தவளைக் கூப்பிடப் போயிட்டா.

பயந்து நிக்க நேரம் ஏது? கொழுந்துச் சாக்கை வீசிட்டு ஓடினேன். அந்தக் குரல் எனக்கு முன்னால ஓடுது. ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பக்கம், பனிக்குள்ள, ஷீனா ஷீனான்னு கத்திக்கிட்டு. ஆளைக் காணோம். நான் மூச்சு வாங்க நின்னேன், அது நிக்கல.

கிரெச் வாசல்ல ஆயா மதலேனம்மாள் இடுப்புல கை வெச்சு நின்னா. "எதுக்குடி மேல இருந்தே துப்புடி துப்புடின்னு கத்திக்கிட்டு வர்றே? பிள்ளை பயந்து வாயில போட்டதைத் துப்பிருச்சு பாரு."

தரையில மஞ்சள் முத்து எச்சிலோட, உடையாமக் கெடந்துச்சு. அட்டையில அது ஒண்ணுதான் புதுசாப் பிதுங்கியிருந்துச்சு. பிள்ளையை அள்ளிக் கட்டிக்கிட்டு அழுதேன், அழுகைக்கும் சத்தம் வரல.

அப்பவும் ஜீப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பினாங்க. டாக்டர் என்னைத் திட்டின திட்டு தனி. அதுக்குள்ள நாக்கு திரும்பியிருந்துச்சு, இருந்தும் நான் எதிர்த்துப் பேசல. இப்ப மாத்திரையை டின்னுல பூட்டி உசரத்துல வெச்சிருக்கேன், உக்காந்து தண்ணியோட முழுசா விழுங்குறேன்.

திரும்பி வரும்போது மடியில படுத்திருந்த ஷீனா கேட்டா. "ஏம்மா, கிரெச் ஜன்னல்கிட்ட நின்னுதானே கத்தினே? அப்புறம் ஏன் பாதையில இருந்து ஓடி வந்தே?"

இப்பெல்லாம் பனி இறங்கினா நான் உடனே குரல் குடுக்கிறதில்ல. ராமுத்தாயக்கா கூவினதும் கொஞ்சம் பொறுத்து, காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணும் வர்றதில்ல. அதுக்கப்புறந்தான் வாயைத் திறக்கிறேன்.