மூர் ராஜாவை அடித்தவன்

அன்றைய ஈட்டிப் போட்டிக்குப் பேட்டையின் வீரனான ஜாகோப்போ குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டபோது, வெளியே ஊர்வலத்து முரசு ஆரம்பித்துவிட்டது.

கிணற்றுவாசல் பேட்டையின் லாயத்தில் எல்லாக் கண்களும் ஒரே ஆள் மீது திரும்பின. ஃபிலிமோன். பேட்டையின் மாற்று வீரன். அம்மா எரித்ரியாக்காரி, அவனுக்கும் அவளுடைய கறுப்பு நிறம்; ஆனால் பிறந்தது இதே ஊர் ஆஸ்பத்திரியில், ஞானஸ்நானம் இதே பேட்டைக் கோயிலில். அங்கே ஞானஸ்நானம் பெற்றவன்தான் பேட்டைக்காக ஈட்டி பிடிக்கலாம் என்பது விதி. விதிப்படி இன்று அவன் முறை.

"நீ ஏறுடா," என்றார் பேட்டைத் தலைவர் நெல்லோ. "ஆனா முகக்கவசத்தை இறக்கியே வச்சுக்க. ஜாகோப்போ விழுந்தது வெளிய தெரிய வேண்டாம்."

"ஏன் கேப்டன்?"

"டிவிக்காரன் வந்திருக்கான். மூர் ராஜா பொம்மையை ஒரு மூரனே அடிச்சா பார்க்கிறவனுக்கு என்னடா புரியும்?"

"நான் மூரன் இல்லையே. கிணற்றுவாசல்காரன்."

"எனக்குத் தெரியும். டிவிக்குத் தெரியுமா? ஜெயிச்சுட்டு வா. நானே மைக்ல உன் பேரைச் சொல்றேன், பேட்டை மண்டபத்துச் சுவர்லயும் எழுதி வைக்கிறேன். மாதா மேல சத்தியம்."

ஃபிலிமோனுக்கு வேண்டியது அந்தச் சுவர் ஒன்றுதான். ஜெயித்தவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டான். முகக்கவசத்தை இறக்கினான்.

சதுக்கத்தின் நடுவே மூர் ராஜா நின்றார். கடல் தாண்டிப் படையெடுத்து வந்ததாக ஊர்க்கதை சொல்லும் கறுப்பு எதிரியின் மரப்பொம்மை. தார் பூசிய முகம், தடித்த சிவப்பு உதடு, காதில் வளையம். ஒரு கையில் புள்ளிகள் எழுதிய கேடயம், மறு கையில் ஈயக் குண்டு கட்டிய சாட்டை. கேடயத்தைக் குத்தினால் பொம்மை சுழலும். சட்டென்று விலகாதவன் முதுகில் சாட்டை இறங்கும். பிஸ்கட் டின்னிலிருந்து பள்ளிக்கூடப் பனியன் வரைக்கும் ஊரெங்கும் இந்தப் படம்தான். சின்ன வகுப்பில் ஃபிலிமோனும் அதற்கு வண்ணம் தீட்டியிருக்கிறான். வீரனுக்கு ரோஜா நிறம், மூரனுக்குக் கறுப்பு. டீச்சர் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார்.

பதினாறு வயதிலிருந்து ஊர்வலத்தில் மூர் ராஜாவுக்குச் சிவப்புக் குடை பிடிப்பதும் அவன்தான். 'உனக்கு மேக்கப் செலவே இல்லடா' என்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கொம்பு ஊதியது.

"ஜாகோப்போ! கறுப்பனைக் குத்துடா!" சதுக்கமே அலறியது. அத்தனை அன்பை அவன் அதுவரை கேட்டதில்லை. அது வேறொருவனுக்கு.

குதிரை பறந்தது. ஈட்டி கேடயத்தின் நட்டநடுவில் இறங்கியது. ஐந்து புள்ளி! பொம்மை சுழன்றது. சாட்டை அவன் தோளில் விழுந்தது. சத்தம் கேட்டது. வலிக்கவில்லை.

மற்ற பேட்டைகளின் வீரர்கள் யாரும் நான்கைத் தாண்டவில்லை.

நெல்லோ மேடையேறி மைக்கைப் பிடித்தார். ஃபிலிமோன் குதிரை மேல் காத்திருந்தான். நெல்லோ அவனைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"கிணற்றுவாசலின் வீரன்... ஜாகோப்போ!"

ஃபிலிமோன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

சதுக்கம் அவன் முகத்தைப் பார்த்தது. முன்வரிசையில் ரொட்டிக்கடை ஓர்னெல்லா. தினமும் காலையில் அவனுக்கு ரொட்டி எடுத்துத் தருகிறவள். முதலில் சிரித்தது அவள்தான்.

"அட, நம்ம ஃபிலிமோன்! தோத்துப்போன மூரனே ஜெயிச்சவன் குதிரையில வந்து சலாம் போடுறானாம்! பிரமாதம்டா கண்ணு! யாரு யோசனை இது?"

சதுக்கம் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல். டிவி கேமரா திரும்பியது.

"ஆமா ஆமா, எங்க பேட்டையோட சின்ன வேடிக்கை!" என்றார் நெல்லோ மைக்கில், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

ஃபிலிமோன் வாயைத் திறந்தான். என்ன சொன்னாலும் அதற்கும் கைதட்டுவார்கள் என்று பட்டது. மூடிக்கொண்டான்.

குதிரையிலிருந்து இறங்கினான். தோளில் சட்டை ரத்தத்தில் நனைந்து ஒட்டியது. யாருடைய தோளோ போலிருந்தது. கூட்டத்திலிருந்து யாரோ அந்தச் சிவப்புக் குடையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார்கள்.

"போட்டோவுக்கு நில்லுடா, ராஜா பக்கத்துல!"

போய் நின்றான். பழக்கதோஷத்தில் குடையை விரித்தான்.