மறுபடி கேட்டால்

என் கூடப் பிறந்த மூத்தவள், றஹ்மா ராத்தாவுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு பஸ் ஏறி உளவியல் டிப்ளோமா வகுப்புக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், "நீ படிச்சத வச்சு என்ட புள்ளையப் பாத்துச் செல்லு மர்ளியா" என்று வந்து நின்றாள்.

பிள்ளை பஸீஹா. ஐந்தரை வயது. எதைக் கேட்டாலும் ஒரு தரம் ஒன்று சொல்கிறாள், அடுத்த தரம் வேறொன்று சொல்கிறாள் என்பது நேசரி டீச்சரின் முறைப்பாடு. ஜனவரியில் அவளோடு படித்தவர்கள் எல்லாரும் பெரிய பள்ளிக்கூடம் போகப் போகிறார்கள். இவள் மட்டும் இன்னொரு வருடம் நேசரியிலேயே இருக்கட்டும் என்று டீச்சர் நினைத்தார். எதற்கும் திங்கட்கிழமை கூட்டி வாருங்கள், உங்கள் முன்னாலேயே கேட்டுப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றிருந்தார். பிள்ளை பேசத் தொடங்கியதே பிந்தித்தான். அந்த நாளில் ராத்தாவின் வயிற்றில் புகுந்த பயம் இன்னும் இறங்கவில்லை.

நான் டொக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் பாலச்சந்திரன் சேர் அந்தக் கிழமைதான் ஒரு பரிசோதனை சொல்லித் தந்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சம அளவு தண்ணீர். அளவு ஒன்றா என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். பிறகு ஒன்றை நீளமான கிளாஸில் ஊற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உயரத்தைப் பார்த்து ஏமாந்துபோவார்களாம்.

தண்ணீருக்குப் பதில் சர்பத் கரைத்தேன். விருந்தாளிகளுக்கென்று ராத்தா அலுமாரியில் பூட்டி வைத்திருந்த நீளக் கிளாஸையும் எடுப்பித்தேன். இரண்டும் ஒரே அளவா என்றதற்கு பஸீஹா உடனே ஓம் என்றாள். ஒன்றை நீளக் கிளாஸில் ஊற்றிவிட்டு மறுபடி கேட்டேன். அவள் கிளாஸைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நீளத்தில் இருப்பதுதான் கூட என்றாள்.

புத்தகத்தில் உள்ளது எங்கள் குசினியிலேயே நடந்துவிட்டது என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். ராத்தாவின் முகமோ செத்துப்போயிற்று. இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. டீச்சர் சொன்னது சரிதான் என்று முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பேச்சை மாற்ற, விருப்பமானதை எடுத்துக் குடி என்று பிள்ளையிடம் சொன்னேன். சர்பத் என்றால் உயிரை விடுகிறவள், கட்டைக் கிளாஸை எடுத்துக் குடித்தாள். குறைந்ததை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்டுதானே சாச்சி."

"அப்ப ஏன் நீளத்துல கூடண்டு செல்லினீங்க?"

"நீங்க மறுகா கேட்டீங்களே."

கூடையிலிருந்து நாலு சின்ன வெங்காயத்தை எடுத்து வைத்து எத்தனை என்றேன். நாலு என்றாள். எத்தனை என்றேன். என் முகத்தைப் பார்த்து, அஞ்சு என்றாள். இன்னொரு தரம் கேட்டதும் பாவம், மூன்றுக்கு இறங்கினாள்.

யார் இப்படி மாற்றிச் சொல்லச் சொன்னது என்று விசாரித்தேன். என்னை ஒன்றும் தெரியாதவளாக நினைத்து, நிதானமாக விளக்கினாள்.

"மாமி வந்தா உம்மா டீ குடிக்கிறீங்களாண்டு கேப்பாங்க. மாமி வாணாம்பாங்க. உம்மா மறுகா கேப்பாங்க. அப்ப ஓம்பாங்க. முதல் செல்றது சும்மா சாச்சி."

எங்கள் ஊரில் யார்தான் முதல் கேள்விக்கே டீ வேண்டும் என்பார்கள்? டீக்கு அலைகிறவர்கள் என்று பேர் வந்துவிடும். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், கதவோரம் நின்று பார்த்தே இவள் அதை ஒரு சட்டமாக்கிவிட்டாள். போதாததற்கு, பிள்ளை மந்தமோ என்ற பயத்தில் ராத்தா எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்பாள். கை கழுவினாயா, உண்மையாகவே கழுவினாயா? இது என்ன நிறம், நல்லாப் பார், என்ன நிறம்? ஒவ்வொரு தரமும் பிள்ளை சரியான பதிலைக் கைவிட்டிருக்கிறாள்.

ராத்தா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானா கெடுத்தேன்?" என்றாள். பயத்தில் கேட்டீர்கள், வேறொன்றுமில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சரிடம் பதிலை மாற்றாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவைப்போம் என்றாள். நான் மறுத்தேன். பிறகு பிழையாகச் சொன்னதையும் பிடித்துக்கொண்டே நிற்பாள். அப்படியானால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தோம். டீச்சர் நல்ல மனுசி; போனதும் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் ராத்தா. ஒரு வாய் குடியுங்களேன் என்றார் டீச்சர். பஸீஹா தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா அதைக் கண்டாள்.

"வாணாம் டீச்சர். முதல் செல்லினதுதான்."

டீச்சரின் முகம் சற்றுச் சுருங்கியது. என் பக்கம் திரும்பினார். தொண்டை காய்ந்து கிடந்தது. நானும் வேண்டாம் என்று எச்சிலை விழுங்கினேன்.

டீச்சர் மேசையில் ஆறு கலர் பென்சில்களைப் பரப்பி எத்தனை என்றார். ஆறு என்றாள் பஸீஹா. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பஸீஹா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். ராத்தா வாய் திறக்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிள்ளை குனிந்து, ஒவ்வொரு பென்சிலாகத் தொட்டு மறுபடி எண்ணினாள்.

"ஆறு டீச்சர். முதல் செல்லினதுதான்."

பிறகு கேட்ட நிறங்களையும் அவள் மாற்றவில்லை. ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று டீச்சர் சொன்னபோது ராத்தா அவர் முன்னாலேயே அழுதுவிட்டாள்.

திரும்பும் வழியில் சந்திக் கடையைக் கண்டதும் டீ குடிப்போமா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிக்குமுன் நானும் பஸீஹாவும் ஒன்றாக ஓம் என்றோம்.